அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும்

கிணத்துக்கடவில் பாலுசாமியின் மொபெட்டை முந்தாதவர்கள் கிடையாது. சைக்கிளில் போகிறவர்கூட மணியடித்துவிட்டு முன்னால் போவார். இருபத்திரண்டு வருடமாகக் கொப்பரைக் களத்தில் வேலை. வெயிலையும் மேகத்தையும் பார்த்துக்கொண்டு, காயப்போட்ட தேங்காய்ப் பருப்பைத் திருப்பிப் போடுவதும் காத்திருப்பதுமான வேலை. அந்த நிதானம் உடம்பில் ஊறிப்போயிருந்தது. பின்னால் உட்கார்ந்திருக்கும் மனைவி புவனா, "ஏனுங்க, எறங்கித் தள்ளட்டுங்களா?" என்று கேட்பாள்.

அந்த மனிதரைப் பற்றித்தான் குற்றப்பத்திரிகை இப்படிச் சொன்னது: 'எதிரி தன் வாகனத்தை அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும் ஓட்டி, பின்னால் அமர்ந்து வந்த தன் மனைவிக்கு மரணம் விளைவித்தார்.'

ஐப்பசி மழை. புவனாவின் அண்ணன் வீட்டு விசேஷத்துக்குப் போய்விட்டுப் பொழுது சாயும் நேரத்தில் திரும்பிக்கொண்டிருந்தார்கள். குழாய் பதிக்க யாரோ ஒரு காண்ட்ராக்டர் ரோட்டின் குறுக்கே வெட்டிய குழியில் தண்ணீர் நிரம்பி, குழியும் ரோடும் ஒரே மட்டமாகக் கிடந்தன. தடுப்பு இல்லை, ஒரு சிவப்புத் துணிகூட இல்லை. முன்சக்கரம் இறங்கியது. அவருக்கு முழங்கையில் சிராய்ப்பு. புவனாவுக்குப் பின்மண்டையில் அடி. மறுநாள் காலையில் போய்விட்டாள். போலீஸ் வந்து இடத்தைப் படம் வரைவதற்குள் குழியை மூடி, மண் கொட்டி, உருளை ஓட்டிவிட்டார்கள். படத்தில் ரோடு நேராக, சுத்தமாக இருந்தது.

"ஆக்சிடென்ட்டுன்னா எதிரின்னு ஒருத்தர் வேணுமுங்க. எதுத்தாப்ல வண்டி எதும் வரல. அப்ப நீங்கதான்," என்றார் ஏட்டு. கோபமில்லாமல், டீ வாங்கிக் கொடுத்துக்கொண்டேதான் சொன்னார்.

மகள் லோகப்பிரியா சரவணம்பட்டியில் ஹாஸ்டலில் தங்கி இன்ஜினியரிங் படித்துக்கொண்டிருந்தாள். இரண்டாம் வருடம். ஆஸ்பத்திரி வராந்தாவில் அவளிடம் ஒரே ஒரு தடவை சொன்னார்: "மெதுவாத்தாங் கண்ணு வந்தேன். குழி இருந்துச்சு." அவள் தலையாட்டினாள். காரியம் முடிந்த பிறகு தனியாகப் போய் அந்த இடத்தைப் பார்த்துவிட்டு வந்தாள். என்ன பார்த்தாள் என்று சொல்லவில்லை. ஜெயிலுக்குப் பயப்படாமல் இல்லை பாலுசாமி. ஆனால் அதைவிட அவரை அரித்தது, மகள் தன்னை நம்புகிறாளா என்பதுதான்.

வக்கீல் சாராளின் ஆபீஸ் கோர்ட்டுக்குப் பின்னால், ஜெராக்ஸ் கடைக்கு மேலே.

"இதுல ரெண்டு கேஸுங்ணா. ஒண்ணு போலீஸ் உங்க மேல போட்டது. நடத்திப் பாத்தா நீங்க வெளிய வந்துரலாம். இன்னொண்ணு உங்க பொண்ணு நஷ்டஈடு கேட்டுப் போடறது. வண்டிக்கு ஃபுல் இன்சூரன்ஸ் இருக்கறதால பின்னால உக்காந்தவங்களுக்குக் கெடைக்கும். ஆனா ஓட்டுனவரு மேல தப்பு இருந்தாத்தான் குடுப்பாங்க."

"என்ற புள்ள என்ற மேலயே கேஸ் போடோணுமுங்களா?"

"பேருக்குத்தானுங்க. குடுக்கறது கம்பெனிக்காரங்க."

"குழி வெட்டுனவன் மேல போட்டா?"

"எந்தக் குழிங்ணா? படத்துல இல்ல. சாட்சி சொல்ல ஒருத்தரையாச்சும் கூட்டிட்டு வாங்க, பாக்கலாம்."

அவர் ஏற்கெனவே கேட்டுப் பார்த்திருந்தார். ரோட்டோர டீக்கடைக்காரர், "எனக்கெதுக்குங்க வம்பு? நீங்க நல்ல மனுசன், உங்களுக்கு ஒண்ணும் ஆகாது," என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

"உங்களுக்கு நிக்கறதால பொண்ணுக்கும் நானே நிக்கக் கூடாதுங்க. வேற வக்கீல் சொல்றேன்," என்றார் சாராள். "குத்தத்த ஒத்துக்கிட்டா அனேகமா அபராதத்தோட போயிரும். ஆனா அப்படித்தான் ஆகும்னு நான் வாக்குக் குடுக்க மாட்டேன். ஊட்டுக்குப் போயி நல்லா யோசிங்க."

மகளின் படிப்பையும் அதற்கு வேண்டிய பணத்தையும் நினைத்துப் பார்த்தார். ஒத்துக்கொண்டார்.

மாஜிஸ்திரேட் இரண்டு தடவை கேட்டார். "யாராவது கட்டாயப்படுத்தினாங்களா?"

"இல்லீங்க."

"வேகமாத்தான் போனீங்களா?"

பாலுசாமி சாராளைப் பார்த்தார். சாராள் கோப்பைப் புரட்டுவதுபோல் குனிந்துகொண்டார்.

"போனேனுங்க."

அபராதம்; அதோடு கோர்ட் கலையும்வரை அங்கேயே இருக்க வேண்டும் என்று தண்டனை. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர், "உங்குளுது என்ன கேஸுங்க? நமக்கு வரப்புத் தகராறு," என்று பேச்சுக் கொடுத்தார்.

"சம்சாரத்தக் கொன்னுபோட்ட கேஸுங்க."

அந்த ஆள் மெல்ல எழுந்து அடுத்த பெஞ்சுக்குப் போய்விட்டார்.

நஷ்டஈட்டு வழக்கு விசாரணைக்கு வர இரண்டு வருடம் ஆயிற்று. லோகப்பிரியா சத்தியப் பிரமாணம் செய்துவிட்டுக் கூண்டில் நின்றாள். முதலாம் எதிர்மனுதாரரான பாலுசாமி கடைசி பெஞ்சில் இருந்தார். இன்சூரன்ஸ் கம்பெனி வக்கீல் வயதானவர், அதட்டாமல் பேசுகிறவர்.

"ஏம்மா, உங்கப்பா ஊர்லயே மெதுவா ஓட்டறவருன்னு நான் சொல்றேன். சரிங்களா?"

பாலுசாமி நிமிர்ந்தார்.

"ரோட்டுக்குக் குறுக்க தண்ணி நெரம்புன குழி இருந்துருக்குது. குழியில விழுந்ததா ஆஸ்பத்திரிப் பதிவுலயே டாக்டர் எழுதியிருக்கார். உங்கப்பா மேல தப்பே இல்லைன்னு சொல்றேன்."

இந்த இரண்டு வருடத்தில் இன்னொருவர் வாயால் அதைக் கேட்பது இதுதான் முதல் தடவை. கம்பெனி பணம் தராமலிருக்கத்தான் சொல்கிறார் என்று தெரியும். ஆனாலும் எழுந்து நின்று அவரைக் கும்பிட வேண்டும் போலிருந்தது. லோகப்பிரியா அப்பாவைப் பார்த்தாள். ஆமாங்கன்னு சொல்லிரு கண்ணு, எது போனாலும் போகட்டும் என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"தப்புங்க," என்றாள். "எங்கப்பா எப்பவுமே வேகமாத்தான் ஓட்டுவாருங்க. அம்மா எத்தனையோ தடவ சொல்லியும் கேக்கலீங்க."

டைப்பிஸ்ட் அதை அடித்து முடிக்கும்வரை எல்லோரும் காத்திருந்தார்கள்.

வெளியே வந்து பஸ்ஸுக்கு நின்றார்கள்.

"அப்பா."

"சொல்லு அம்மணி."

"நெசமாவே குழி இருந்துச்சுங்களா? இல்ல, அன்னிக்குப் பயத்துல சொன்னீங்களா? சத்தியம் பண்ணிப்போட்டு பொய் சொல்லிப்போட்டனாப்பா?"

இருந்துச்சு என்ற ஒரு சொல் போதும். அதைச் சொன்னால் தன் பேர் மீண்டுவிடும். ஆனால் அம்மா செத்ததற்கு வந்த காசை அப்பன்மேல் பொய் சொல்லி வாங்கினோம் என்பதை அவள் ஆயுசுக்கும் சுமப்பாள்.

"இல்ல கண்ணு. நீ சொன்னதுதாஞ் செரி. மழை வலுக்குதேன்னு வண்டிய முறுக்கிப்போட்டேன்."

அவள் அவர் முகத்தையே பார்த்தாள். நம்பமாட்டாள் என்று அவருக்குள் எங்கோ ஒரு ஆசை இருந்தது. அவள் நம்பிவிட்டாள். முகம் கல்லாவது தெரிந்தது.

சரவணம்பட்டி பஸ் வந்தது. அவள் ஏறி, அவர் நிற்காத பக்கத்து ஜன்னலோரம் போய் உட்கார்ந்தாள். போய்ட்டு வாரேன் என்று சொல்லவில்லை.