குடிக்காதவன் கை

எங்கள் அய்யாவுக்குக் கையும் ஆடும், தலையும் ஆடும். தலை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மெல்ல ஆடும். எதைக் கேட்டாலும் வேண்டாம் என்று சொல்வதுபோல இருக்கும். புதுசாக வந்தவர்கள் மோர் வேணுமா என்று கேட்டுவிட்டு, வேண்டாம் போல என்று சொம்போடு திரும்பிப் போவார்கள். "ஏலே, நான் எப்பலே வேணாம்னேன், கொண்டா இங்கன" என்று அய்யா கத்துவார். நாங்கள் சிரிப்போம். அவரும் சிரிப்பார்.

சாயந்திரம் ஒரு கலயம் பனங்கள் இறங்கினால் ஆட்டம் நின்றுபோகும். அப்போதுதான் கோணி ஊசியில் சணல் கோர்ப்பார், சாக்குத் தைப்பார், கண்ணாடி பார்த்துச் சவரம் செய்வார். மறுநாள் விடிந்தால் முன்னைவிடக் கூட ஆடும். குடித்துக் குடித்துக் கை ஆடுது என்று ஊர் சொன்னது. கை ஆடுவதால் குடிக்கிறார் என்று யாருக்கும் தோன்றவில்லை. எனக்கும்தான். கள்ளுக்கடை மூடின பிறகு சாராயம் குடித்தார். மஞ்சள் காமாலை வந்து, வயிறு வீங்கிச் செத்தார். கொள்ளி வைத்துவிட்டு வந்த அன்றைக்கு, இதைத் தொடுவதில்லை என்று நினைத்தேன். தொடவில்லை.

முப்பத்தைந்து வயசுக்கு மேல் எனக்கும் கை ஆட ஆரம்பித்தது. மடியில் கிடந்தால் ஒன்றும் இல்லை. மண்வெட்டி பிடித்தாலும் தெரியாது. டீ கிளாஸைத் தூக்கி வாய்க்குக் கொண்டுபோகும்போது ஆடும். சட்டைப் பொத்தான் போடும்போது ஆடும். யாராவது பார்த்தால் இன்னும் கூடும். டீக்கடையில் இதற்கென்றே நாலு பேர் இருந்தார்கள்.

"மாஸ்டர், அண்ணனுக்கு டீயை ஆத்தாமக் குடுங்க. அவுகளே ஆத்திக்கிருவாக."

நானும் சிரிப்பேன். வேறு என்ன செய்வது.

மகளுக்கு மாப்பிள்ளை பார்க்க ஆரம்பித்த வருசம், என் வீட்டுக்காரி பிடிவாதமாக என்னை ராமநாதபுரத்துக்கு டாக்டரிடம் கூட்டிப்போனாள். டாக்டர் மதுரையில் படித்து வந்தவர், நிதானமான மனுசன். இரண்டு கையையும் முன்னால் நீட்டச் சொன்னார். விரலால் மூக்கைத் தொடச் சொன்னார். ஒரு டம்ளர் தண்ணீரை இன்னொரு டம்ளரில் ஊற்றச் சொன்னார். பாதி மேசையில் போனது. மணிக்கட்டைப் பிடித்து மடக்கிப் பார்த்தார். நடந்து காட்டச் சொன்னார். பிறகு தாளைக் கொடுத்து, "கொசுவத்திச் சுருள் மாதிரி ஒண்ணு போடுங்க" என்றார். நான் போட்டது ஜாங்கிரி மாதிரி வந்தது.

"நடுக்குவாதமான்னு பயந்து வந்திருப்பீங்க. வாதம் இல்ல" என்றார். "வாதம்னா கை சும்மா கிடக்கும்போது நடுங்கும். வேலை செய்யும்போது அடங்கும். உடம்பு இறுகிப் போகும், நடை குறுகிப் போகும். உங்களுக்கு அப்படியே மாத்தி இருக்கு. சும்மா இருந்தா இல்ல, வேலை செஞ்சா வருது."

அப்புறம் கேட்டார். "கொஞ்சம் ஊத்துனா நிக்குமா?"

வீட்டுக்காரி என்னை முறைத்தாள்.

"நான் தொட்டதில்ல. எங்கய்யாவுக்கு நின்னுச்சு" என்றேன்.

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "அப்பாவுக்கும் உண்டா? அப்ப இது ரத்தத்துல வாரது. உசிருக்கு ஒண்ணும் செய்யாது. ஆனா முழுசாப் போகவும் போகாது. மாத்திரைல குறையும்."

"ரத்தத்துல வாரதுன்னா பொண்ணுக்கும் வருமாய்யா?" என்று கேட்டாள் வீட்டுக்காரி.

"ஆணு பொண்ணு வித்தியாசம் இல்லம்மா. பிள்ளைகள்ல பாதிப் பேருக்கு வரலாம். வராமலும் இருக்கலாம்."

நாடி பார்த்தார். மூச்சு இளைப்பு உண்டா என்று கேட்டார். இளைப்பு உள்ளவர்களுக்கு இந்த மாத்திரை ஆகாதாம். எனக்கு இல்லை. காப்பியைக் குறைக்கச் சொன்னார். தூக்கம் கெட்டால் கூடும், நாலு பேர் பார்த்தால் கூடும் என்றார். அதெல்லாம் எனக்கே தெரிந்ததுதான். ஆனால் ஒரு டாக்டர் வாயால் கேட்டபோது நன்றாக இருந்தது. எங்கள் அய்யாவை நினைத்துக்கொண்டேன். பாவம், யாரும் அவருக்கு இப்படிச் சொல்லவில்லை.

பஸ்ஸில் வரும்போது வீட்டுக்காரி சொன்னாள்: "இனிமே எவன் கேட்டாலும் சொல்லிருங்க. இது குடி இல்ல, சீக்குன்னு."

"சொல்லலாம். அடுத்தாப்புல கேப்பாக, பொண்ணுக்கும் வருமான்னு. நீ கேட்ட மாதிரி."



அடுத்த மாசமே உப்பூர்ப் பக்கமிருந்து நல்ல இடம் வந்தது. மிளகாயும் நெல்லும் போடுகிற குடும்பம். ஒரே பையன். நிச்சயத்தன்று மாத்திரை போட்டுக்கொண்டுதான் உட்கார்ந்தேன். தனியாக இருக்கும்போது ஓரளவு அடங்கித்தான் இருந்தது. ஆனால் தாம்பூலத் தட்டை மாற்றும்போது ஊரே என் கையைப் பார்த்தது. தட்டு ஆடியது. வெற்றிலை சரிந்தது. தேங்காய் உருண்டு சம்பந்தி மடியில் போய் விழுந்தது.

பொம்பளைகள் பக்கம் சிரிப்பு. சம்பந்தி தேங்காயை எடுத்துத் தட்டில் வைத்துவிட்டு என் காதோரம் குனிந்தார்.

"நேத்து ராத்திரி கொஞ்சம் கூடிப்போச்சோ?"

வாசல்படியில் வீட்டுக்காரி நின்றாள். கேட்டுவிட்டாள். அவள் வாய் திறக்கப் போவது தெரிந்தது. நான் அவளைப் பார்த்தேன். திறந்த வாயை மூடிக்கொண்டாள்.

"ஆமா சம்பந்தி" என்றேன்.

"அட, அதுக்கென்ன. நானும் அந்தக் கோஷ்டிதான். கல்யாணத்தன்னைக்கு மட்டும் கொஞ்சம் பாத்துக்கிருங்க."

அப்பன் குடித்தால் பொண்ணுக்கு ஒன்றும் இல்லை. அப்பனுக்குச் சீக்கு என்றால் பொண்ணுக்கு வேறு கணக்கு. குடிகாரன் என்றே இருந்துவிட்டுப் போகிறேன் என்று நினைத்தேன். கல்யாணம் குறையில்லாமல் நடந்தது.

ஆனால் சம்பந்தி இப்படிப்பட்ட மனுசன் என்று அப்போது எனக்குத் தெரியாது. அவருக்குப் பட்டாளத்தில் ஒரு தம்பி. லீவில் வரும்போதெல்லாம் ரம் கொண்டுவருவான். சம்பந்தி அதில் ஒரு பாட்டிலை எனக்கென்று எடுத்து வைத்து, துண்டில் சுற்றிக்கொண்டு பஸ் ஏறி வந்துவிடுவார். "நம்ம ரெண்டு பேரும் சேந்து திறக்கணும்னு வச்சிருந்தேன்" என்பார்.

வீட்டை ஒட்டின என் மிளகாய்க் கொல்லையில் மோட்டார் ரூம் நிழலில் உட்காருவோம். அவர் பேசுவார். உப்புக் காத்து, மிளகாய் விலை, தேவிபட்டினத்தில் கடலுக்குள் விழுந்த அவர் பெரியப்பா. நான் கிளாஸைப் பிடித்துக்கொண்டு இருப்பேன். அவர் வெத்தலைப் பையைத் துழாவும்போது வேலிக்கருவேல மரத்து மூட்டில் ஊற்றிவிடுவேன்.

"ஒங்கள மாதிரி நிதானமாக் குடிக்கிற ஆள நான் பாத்ததே இல்ல சம்பந்தி. எம்புட்டு உள்ள போனாலும் வார்த்த குழறல, கால் தள்ளாடல. இந்தக் கைதான் காட்டிக் குடுத்துருது" என்பார்.

அவர் போன பிறகு வீட்டுக்காரி கருவேலைப் பார்த்துச் சொல்வாள்: "இது ஒருநா எந்திரிச்சு ஆடப் போகுது."

நல்ல வருசங்கள் அவை. குடிக்காமலே குடிகாரனாக இருந்தேன். கூட உட்கார ஒரு ஆள் இருந்தார். இப்போதும் மிளகாய் பழுக்கிற மாசத்தில் அந்த நிழலில் போய்க் கொஞ்ச நேரம் உட்காருகிறேன்.

மகளுக்கு இரண்டு பிள்ளைகள் பிறந்து பெரிதானார்கள். வீட்டுக்காரி ஒரு மாசி மாசம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு படுத்தவள் எழுந்திருக்கவில்லை.

அதற்குப் பிறகு சில வருசம் கழித்து ஒருநாள் சம்பந்தி வெறுங்கையோடு வந்தார். உட்காரவில்லை.

"நேத்து ஒங்க மக ரசம் ஊத்துச்சு. அகப்பை ஆடி எலைக்கு வெளில போகுது. ஒங்க கை ஆடுற மாதிரியே."

பொங்கலுக்கு வந்தபோதே மகள் கோலம் இழுக்கையில் கோடு நெளிந்ததைப் பார்த்திருந்தேன். பார்க்காத மாதிரி இருந்துவிட்டேன்.

"அதுக்கும் ராத்திரி கூடிப்போச்சா சம்பந்தி?" என்றார். விளையாட்டாகக் கேட்கவில்லை.

சொன்னேன். டாக்டர் சொன்னது, அய்யா கதை, தட்டு மாற்றினது, எல்லாம். சொல்லி முடிக்கும்வரை நின்றுகொண்டே இருந்தார்.

"அப்ப நான் கொண்டாந்ததெல்லாம்?"

"கருவேலுக்கு ஊத்துனேன்."

"மிலிட்டரி சரக்கையா?"

முகம் சிவந்துபோய்விட்டது. சீக்கை மறைத்ததைவிட அதுதான் அவருக்குப் பெரிதாகப் பட்டதோ என்னவோ. "இத்தன வருசம் நான் தனியாவா குடிச்சிருக்கேன்?" என்றார். பிறகு, "கிளம்புங்க. எம் மகன்கிட்ட நீங்களே சொல்லுங்க" என்றார்.

உப்பூர் போகும் வழியெல்லாம் அவர் ஜன்னலைப் பார்த்தபடி இருந்தார். மருமகன் என்ன சொல்வார், மகளை என் கூட அனுப்பிவிடுவார்களோ என்று எனக்கு ஓடிக்கொண்டிருந்தது.

மருமகன் மாட்டுக்குத் தண்ணி காட்டிக்கொண்டிருந்தார். நான் ஆரம்பித்ததும் வாளியைக் கீழே வைத்தார்.

"தெரியும் மாமா. கல்யாணமான வாரமே இவ சொல்லிட்டா. எனக்கும் வரலாம், இப்பவே சொல்லிர்றேன்னு சொன்னா."

"ஏலே, என்கிட்ட ஒரு வார்த்த சொல்லக்கூடாதா?" என்று சம்பந்தி கத்தினார்.

"ஒங்களுக்குக் கூட உக்கார ஒரு ஆளு கெடைச்ச சந்தோசத்துல இருந்தீக. அத எதுக்குக் கெடுக்கணும்?"

சம்பந்தி உள்ளே போனார். அடுத்த வாரம் அவரே எங்களை மதுரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். மகளுக்குச் சின்னதிலிருந்தே இளைப்பு உண்டு. என் மாத்திரை அவளுக்கு ஆகவில்லை. வலிப்புக்குக் கொடுக்கிற மாத்திரை ஒன்றைக் கால்வாசியாக உடைத்து, ராத்திரி படுக்கும்போது போடச் சொன்னார்கள். முதல் சில நாள் நடக்கும்போது தலை சுற்றியது. பிறகு பழகிவிட்டது. கோலம் இப்போது பரவாயில்லை. அகப்பை கொஞ்சம் ஆடத்தான் செய்கிறது.

மதுரையில் ஆஸ்பத்திரிச் சீட்டுக்குக் காத்திருந்தபோது மகளிடம் கேட்டேன். "நாங்க ஒனக்கு ஒண்ணுமே சொல்லலையே. ஒனக்கு எப்படித் தெரியும்?"

"அம்மா சொன்னாக. கல்யாணத்துக்கு முந்தின நாள் தலை பின்னும்போது. உங்கப்பா சொல்ல மாட்டாக, நீயே மாப்பிள்ளைகிட்ட சொல்லிரு தாயின்னு."

என்னிடம் வீட்டுக்காரி ஒரு வார்த்தை சொல்லவில்லை. நான் கருவேல் மூட்டில் ஊற்றும்போதெல்லாம் வாசலில் நின்று பார்த்துச் சிரித்தாள். சாகிறவரை சிரித்தாள்.