ஆயுத பூஜையன்று ஒட்டிய கித்தார்

அண்ணனின் கித்தாரை உடைத்தது நான்தான். இந்த வரியை முதலில் "கித்தார் விழுந்துவிட்டது" என்று எழுதினேன். பிறகு அடித்துவிட்டேன்.

லாபு என்ற ஊரில், செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய எங்கள் வீட்டில் ஆயுத பூஜையை அம்மா விட்டுக்கொடுக்க மாட்டார். சாமி மேடைக்கு முன்னால் வெள்ளை வேட்டி விரித்து, அப்பா பனங்குலை வெட்டும் அரிவாள், புதர் வெட்டும் பாராங் கத்தி, மோட்டார் சைக்கிளுக்கான ஸ்பானர்கள், தையல் கத்தரிக்கோல் என்று எல்லாவற்றையும் கழுவி அடுக்குவோம். அடுப்படிக் கத்திகூட அங்கே வந்துவிடும். ஒவ்வொன்றிலும் சந்தனமும் குங்குமமும். ஒருமுறை வைத்துவிட்டால் மறுநாள் காலைப் பூஜை முடியும்வரை எதையும் எடுக்கக் கூடாது. மோட்டாருக்கு மட்டும் அன்று மாலையே எலுமிச்சம்பழம் நசுக்கி விடுதலை கொடுத்துவிடுவோம்.

அந்த வருடம் என் பட்டச் சான்றிதழும் பூஜையில் இருந்தது. எங்கள் குடும்பத்தில் பல்கலைக்கழகம் போன முதல் ஆள் நான். என்னைவிட மூன்று வயது மூத்த அண்ணன் படிவம் மூன்றோடு, அதாவது ஒன்பதாம் வகுப்போடு, படிப்பை நிறுத்தி, பக்கத்து ஊரான நீலாயில் ஒரு தொழிற்சாலைக்குப் போகத் தொடங்கியவன். அம்மா அவனுடைய கித்தாரை நடுவில் சாய்த்துவிட்டு, சட்டம் போட்ட என் சான்றிதழை ஓரத்தில், அரிவாளுக்குப் பக்கத்தில் வைத்திருந்தார். எனக்கு அது பொறுக்கவில்லை. மத்தியானம் அம்மா பின்கட்டில் கடலை வேகவைத்துக்கொண்டிருந்தபோது கித்தாரைத் தூக்கிச் சுவரோரம் இருந்த அரிசி டின்னில் சாய்த்தேன். சான்றிதழை நடுவில் நிறுத்தி, நேராக இருக்கிறதா என்று இரண்டடி பின்னால் போய்ப் பார்த்தேன்.

அப்போதுதான் கழுவிவிட்ட தரை. கித்தார் மெதுவாக வழுக்கி முகம் குப்புற விழுந்தது. சத்தம் பெரிதாக இல்லை, குச்சி ஒடிந்த மாதிரிதான். தூக்கிப் பார்த்தால் முறுக்காணிகள் இருக்கும் தலைப்பாகம் கழுத்திலிருந்து சாய்வாகப் பிளந்து, முன்பக்கத்து மெல்லிய பலகையிலும் கம்பிகளிலும் தொங்கிக்கொண்டிருந்தது.

அம்மா கரண்டியோடு வந்து நின்றார்.

"சாமிக்கு வெச்சத எதுக்குடி எடுத்த?"

"ஒட்டிரலாம்மா. இது ஒட்டுற ஒடைசல்தான்."

"நாளைக்கு அவன் அந்தக் கல்யாணத்துல வாசிக்கணுமே."

அது எனக்கும் தெரியும். லோபாக்கில் ஒரு மண்டபத்தில் கல்யாண விருந்து, இரவு ஏழு மணிக்கு. ஓர் இசைக்குழு அவனை முதல்முறையாகக் கூப்பிட்டிருந்தது. ஒரு மாதமாக வேலை முடிந்து வந்து அதே எட்டுப் பாடல்களை வாசித்துக்கொண்டிருந்தான். வேலைக்கு விண்ணப்பம் எழுதும்போது தொந்தரவாக இருக்கிறது என்று நான்தான் அவனைக் கதவைச் சாத்தச் சொல்லியிருந்தேன்.

கைப்பேசியில் இரண்டு காணொளிகள் பார்த்தேன். கம்பிகளைத் தளர்த்தி, பிளவுக்குள் வெள்ளை மரப்பசையைச் செலுத்தி, இறுகக் கட்டி, ஒரு நாள் முழுக்க அசையாமல் வைக்க வேண்டும். கஷ்டமில்லை. ஆனால் வீட்டில் இருந்த கருவிகள் எல்லாம் சாமி முன்னால் பொட்டு வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தன. குறடு கேட்டேன், கத்தரிக்கோல் கேட்டேன். அம்மா அசையவில்லை.

"ஒன்ன எடுத்ததுக்கே இப்படி ஆச்சு. இன்னும் வேற எடுக்கணுமா?"

மோட்டாரையும் எடுக்க முடியாது. பசை வாங்க வெயிலில் ஹார்டுவேர் கடைவரை நடந்தேன். கடைக்காரச் சீனர் குப்பியைக் கொடுத்துவிட்டு, நாளைக்கு இந்நேரம்வரை தொடாதே என்று மலாயில் இரண்டு தரம் சொன்னார். தெரியும் என்றேன்.

பிளவுக்குள் இன்னொரு தொல்லை இருந்தது. அம்மா காலையில் கித்தாரின் தலையில் வைத்த குங்குமமும் காய்ந்த சந்தனமும் விழுந்தபோது உதிர்ந்து உள்ளே போயிருந்தன. பொடி இருந்தால் மரம் மரத்தோடு சேராது. பழைய பல்துலக்கியால் தட்டித் தட்டி எடுத்தேன். கொஞ்சம் நாருக்குள்ளேயே தங்கிவிட்டது. பசையை விட்டு அழுத்தியபோது ஓரத்தில் இளஞ்சிவப்பாகப் பிதுங்கியது. ஈரத்துணியால் துடைத்தேன். அப்பாவின் சவர பிளேடால் பழைய மோட்டார் டியூபை நீளமாகக் கீறி, அடியில் பிளாஸ்டிக் தாள் வைத்து, இழுத்து இழுத்துச் சுற்றினேன். முடித்தபோது மணி நான்கு. மறுநாள் நான்கு மணிக்குக் கட்டு பிரிக்கலாம், ஏழு மணிக்கு வாசிக்கலாம். கணக்கு சரியாக இருந்தது. எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

"அவன் வந்ததும் சொல்லிரு," என்றார் அம்மா.

"சொல்றேன்."

ஆனால் கித்தாரைப் பழைய இடத்தில் சாய்த்ததும், கட்டு தெரியாதபடி ஒரு பட்டுத் துண்டைச் சுற்றி, மேலே மல்லிகைச் சரத்தைப் போட்டது நான்தான். அம்மா அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

அண்ணன் ஆறரைக்குத் தொழிற்சாலை பஸ்ஸில் வந்து இறங்கினான். குளித்துவிட்டு வந்து கும்பிட்டவன் கித்தாரைப் பார்த்துச் சிரித்தான்.

"என்னா பாப்பா, பட்டெல்லாம் கட்டியிருக்க. நாளைக்கு மாப்பிள்ளை இவன்தானா?"

நானும் சிரித்தேன். கோயில் வேலையிலிருந்து வந்த அப்பா மோட்டாரை எலுமிச்சம்பழங்கள் மேல் ஏற்றி இறக்கினார். அண்ணன் சுண்டலை வாயில் போட்டுக்கொண்டே சொன்னான்: "நாளைக்குப் பதினொன்னுக்கே மண்டபத்துல இருக்கணுமாம்மா. எல்லாரும் சேந்து ஒரு தரம் வாசிச்சுப் பாக்கணும்லா. வராதவன் மேடை ஏறக் கூடாதாம்."

அம்மா என்னைப் பார்த்தார். நான் சுண்டல் கிண்ணத்தைப் பார்த்தேன்.

அப்போது சொல்லியிருக்க வேண்டும். மணி ஏழரைதான் ஆகியிருந்தது. ஏன் சொல்லவில்லை என்று பலமுறை யோசித்திருக்கிறேன். எங்கள் வீட்டில் வரும் கடிதங்களையெல்லாம் படித்துச் சொல்வது நான், விண்ணப்பப் பாரம் நிரப்புவது நான், மருத்துவமனையில் டாக்டரோடு பேசுவது நான். "அவளக் கேளு, அவளுக்குத் தெரியும்" என்பதுதான் அந்த வீட்டில் எனக்குக் கிடைத்த இடம். கெடுத்துவிட்டேன் என்று அந்த இடத்திலிருந்து எனக்குச் சொல்லத் தெரியவில்லை. ஒரு நாள் என்பது எச்சரிக்கைக்காகச் சொல்வது, ஓர் இரவு போதும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதற்கு ஆதாரமாக இன்னொரு காணொளியையும் தேடிப் பிடித்தேன்.

காலைப் பூஜை முடிந்ததும் அவரவர் கருவியை அவரவர் எடுத்துக் கொஞ்சமாவது வேலை செய்ய வேண்டும். அப்பா அரிவாளை சாணைக்கல்லில் இரண்டு இழுப்பு இழுத்தார். நான் சான்றிதழோடு வைத்திருந்த புத்தகத்தைத் திறந்து நான்கு வரி படித்தேன். என்ன படித்தேன் என்று தெரியாது. அண்ணன் மல்லிகையைக் கழற்றிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு பட்டுத் துண்டை அவிழ்த்தான்.

கறுப்பு ரப்பர் சுற்றையும் தொளதொளவென்று கிடந்த கம்பிகளையும் பார்த்துவிட்டு முறுக்காணியில் கை வைத்தான்.

"கம்பிய முறுக்காதண்ணே," என்றேன். "இன்னும் காயல. நாலு மணிக்குத்தான்."

"எப்ப ஒடஞ்சுது?"

"நேத்து மத்தியானம். நான்தான் எடுத்து வேற எடத்துல வெச்சேன்."

"நான் வந்தப்ப ஒனக்குத் தெரியும்."

"ம்."

"பதினொன்னுன்னு சொன்னேனே, அப்பவும்."

நான் பட்டுத் துண்டை எடுத்து மடித்தேன். அவன் குரலை உயர்த்தவில்லை. "தம்பின் டவுன்ல என் கூட்டாளி வீட்டுல ரெண்டு கித்தார் சும்மா கெடக்கு. நேத்தே சொல்லியிருந்தா மோட்டார எடுத்துட்டுப் போய் வாங்கியாந்திருப்பேன். இப்ப அவன் லோரிய ஓட்டிக்கிட்டு ஜோகூர் தாண்டியிருப்பான். வீட்டுல வேற யாரும் இல்ல."

"சாரிண்ணே."

"ஒடஞ்சதுக்கு என்னா பாப்பா. மரம் ஒடையும்." கித்தாரைத் திரும்பச் சாய்த்து வைத்தான். முந்தின நாள் நான் சாய்த்ததைவிட மிகக் கவனமாகச் சாய்த்தான்.

தெரிந்த இரண்டு பேருக்குப் போன் அடித்துப் பார்த்தான். கிடைக்கவில்லை. பத்து மணிக்கு, இஸ்திரி போட்ட கறுப்புச் சட்டையில், வெறுங்கையோடு மண்டபத்துக்குப் போனான். அம்மா அன்று முழுக்க என்னைத் திட்டவில்லை. திட்டினால் தானும் சேர்ந்து மறைத்ததைச் சொல்ல வேண்டிவரும் என்பதாலோ என்னவோ.

நான்கு மணிக்குக் கட்டைப் பிரித்தேன். நன்றாக ஒட்டியிருந்தது. நகத்தால் தடவினால்கூட மேடு தெரியவில்லை, சாய்வாக ஒரு மெல்லிய சிவப்புக் கோடு மட்டும். படம் பிடித்து அவனுக்கு அனுப்பப் போய், அனுப்பாமல் விட்டேன். கம்பிகளைக் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்கி, கைப்பேசியை வைத்துச் சுதி சேர்த்தேன். தலைப்பாகம் தாங்கியது.

ஐந்தரைக்கு அண்ணன் திரும்பி வந்தான். அவன் இடத்தில் பொண்ணு வீட்டுப் பையன் ஒருவனை ஏற்றிவிட்டார்களாம். கித்தாரை வாங்கி, ஒட்டிய இடத்தில் கட்டை விரலை வைத்து அழுத்திப் பார்த்தான்.

"நல்லாத்தான் ஒட்டியிருக்க."

"வாசிச்சுப் பாருண்ணே."

"அப்பறம்."

ஏழு மணிக்கு, மண்டபத்தில் முதல் பாடல் தொடங்கியிருக்கும் நேரத்தில், அவன் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு வாசலில் உட்கார்ந்து அப்பாவின் மோட்டாருக்கு எண்ணெய் மாற்றினான். நான் கைவிளக்கைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றேன்.

"கொஞ்சம் கீழ காட்டு," என்றான். காட்டினேன். வேலை முடியும்வரை விளக்கை அங்கேயே பிடித்திருந்தேன்.