உகண்டா ஆட்டுக்கு ஒரு சாட்சி

லண்டன் இல்ஃபோர்டில், பூசை முடிந்த தேவாலய மண்டபத்தில் நாலு பேர் நிற்கிறோம்: கிளிநொச்சியிலிருந்து வந்திருக்கும் நான், தங்கச்சி, அவள் புருசன், காசு சேர்க்கும் மேசையில் மன்னார்க்காரி ரீட்டா. மேசையில் உகண்டாக் குடும்பம் ஒன்றின் படம், நடுவில் ஆடு.

“ஒரு ஆடு குடுத்தாப் பிள்ளையளுக்குப் பால், குட்டி வித்தா வருமானம். பிறகு ஒருத்தரிட்டையும் கையேந்தத் தேவையில்லை அண்ணை. முதல் பெட்டைக்குட்டியை மட்டும் அடுத்த வீட்டுக்குக் குடுக்கோணும்” என்கிறாள் ரீட்டா.

எனக்கு எதிலும் பயம். “ஆடு செத்துப்போனா?”

“காசு தரப்போறியளோ, ஆட்டுக்கு இன்சூரன்ஸ் எடுக்கப்போறியளோ?”

தங்கச்சி சிரிக்கிறாள். “ஊரில சண்டை முடிய அண்ணைக்கும் இப்பிடி ஒரு ஆடு குடுத்தவை.”

“அப்ப குட்டியை அடுத்த வீட்டுக்குக் குடுத்தனீங்களோ?” ரீட்டா கேட்கிறாள்.

அடுத்த வீட்டில் ராணி இரண்டு பிள்ளைகளோடு காத்திருந்தாள். நான் அந்த முதல் பெட்டைக்குட்டியை எட்டாயிரம் ரூபாய்க்கு விற்றுக் கூரைக்குத் தகரம் வாங்கினேன்.

“ஓம்” என்கிறேன்.

“பாத்தியளே, உயிருள்ள சாட்சி! வாற ஞாயிறு பூசை முடிய எல்லாருக்கும் இதைச் சொல்லுங்கோ.”

ஏழாம் வகுப்போடு நின்றவன் நான், சபையில் பேசிப் பழக்கமில்லை. “பேச்சு வேண்டாம், ஆட்டுக்குக் காசு தாறன்” என்று நாற்பது பவுண்ட் கட்டி ரசீது வாங்குகிறேன். உகண்டாவுக்கு ஆடு போய்விடும். ராணிக்குக் கொடுக்க வேண்டியது இன்னும் எட்டாயிரம் ரூபாய்.