அருவியிலிருந்து திரும்பினால் எரியும் விளக்கு

மோட்டார் ரிப்பேர் தொழிலில் வண்டி பட்டறைக்கு வந்துவிடும், கோளாறுதான் வராது. பாடாத ரேடியோவைக் கடைக்குத் தூக்கிப் போனதும் அது கணீரென்று பாடி, உங்களையும் அசடு வழிய வைத்திருக்கும். அறுபதுகளில் தென்காசியில் நான் அப்படி வழிந்த கதை இது.

போகும்போது நல்ல பிள்ளை

சுடலைமுத்து சொந்தமாக டாக்சி ஓட்டினான். சாரல் சீசன். ஸ்டேஷனில் ஆளேற்றிக் குற்றாலம் போகும்வரை ஒன்றுமில்லை. குளித்தவர்களை ஏற்றித் திரும்பும்போது மட்டும் ஆயில் பிரஷர் விளக்கு சிவப்பாக எரியும். எரிந்தால், இஞ்சினுக்குள் எண்ணெய் ஏறவில்லை என்று அர்த்தம். மேலே ஓட்டினால் இஞ்சின் இறுகிவிடும். ஆனால் நான் வேலை பார்த்த பட்டறைக்கு வந்தால் விளக்கு எரியாது.

அவனுக்கு இலத்தூரில் பெண் பேசியிருந்தார்கள். பெண்ணின் அப்பா விவசாயி. டாக்சிப் பிழைப்பை நம்பாதவர். சீசன் முழுக்க வண்டி படுக்காமல் ஓடினால்தான் ஆவணியில் கல்யாணம் என்று சொல்லிவிட்டார். சுடலைமுத்து என் கையைப் பிடித்துக்கொண்டான்: "இஞ்சினப் பிரிச்சா என் கல்யாணத்தையும் பிரிச்சுப் போட்ட மாதிரிதான், அண்ணே!"

புது சுவிட்சும் பொய் சொன்னது

சூட்டில் எண்ணெய் இளகும். பேரிங் தேய்ந்திருந்தால் பிரஷர் இறங்கும். ஆகவே இஞ்சினைப் பிரிக்கத்தான் வேண்டும் என்று நினைத்தேன். ஆனால் என் நினைப்பில் எனக்கே நம்பிக்கை கிடையாது. இந்த வயதிலும், பூட்டிய பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டு, இழுத்ததில் திறந்திருக்குமோ என்று திரும்பி வருகிறவன் நான்.

இஞ்சினை நன்றாகச் சூடாக்கி, விளக்கை எரியவைக்கும் ஆயில் சுவிட்சைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் பிரஷர் காட்டும் முள் மீட்டரை மாட்டினேன். முள் கம்பீரமாக நின்றது. எண்ணெய் ஏறுகிறது, அப்படியானால் சுவிட்ச்தான் பொய் சொல்கிறது. புதிதாக ஒன்று மாட்டினேன். மறுநாள் திரும்பும்போது அதுவும் விளக்கை எரியவைத்தது. கூட வேலை பார்த்த அந்தோணி ஸ்பானரைத் துடைத்தபடி சொன்னான்: "ஏலே, குளிச்சவங்களப் பாத்துல்லா அது எரியுது. நீயும் போயி ஒரு குளி குளிச்சிட்டு வா!"

முன் சீட்டில் மாமனார்

போனேன். வண்டியைச் சோதிக்கப் பெண்ணின் அப்பா முன் சீட்டில் உட்கார்ந்திருந்தார். எண்ணெய் தேய்த்து ஆனந்தமாகக் குளித்துவிட்டுத் திரும்பினோம். பாதி வழியில் விளக்கு எரிந்தது.

"இது என்னவே செவப்பா?" என்றார் பெரியவர்.

வண்டியை ஓரங்கட்டச் சொன்னேன். அன்று முள் மீட்டர் காட்டியதை நம்பி இஞ்சினை ஓடவிட்டே பானெட்டைத் திறந்தேன். இஞ்சின்மேல் அவருடைய ஈர வேட்டி! சாரலில் வெயில் ஏது? குளித்தவர்களின் துணியை இஞ்சின் சூட்டில் காயவைத்துக் கொடுப்பது எங்கள் ஊர் டாக்சிக்காரர்களின் உபசாரம். எனக்கும் தெரிந்ததுதான், தினமும் பார்ப்பதால் தோன்றவில்லை.

வேட்டியைத் தூக்கினேன். "அணஞ்சிட்டு!" என்று உள்ளிருந்து பெரியவரின் குரல். திரும்பப் போட்டேன். "எரியுது!" தூக்கினேன். "அணஞ்சிட்டு!" பெரியவருக்கு உற்சாகம் தாங்கவில்லை, இன்னொரு தடவை போடச் சொன்னார்.

சுவிட்சுக்குப் போகும் ஒயரின் உறை சூட்டில் வெடித்திருந்தது. பிரஷர் இறங்கினால் சுவிட்ச் அந்த ஒயரை இஞ்சின் இரும்போடு சேர்த்துத்தான் விளக்கை எரியவைக்கும். இங்கே ஈரத்துணியின் கனமே அதை இரும்போடு அழுத்தியதும் விளக்கு எரிந்திருக்கிறது. டேப் சுற்றி, ஒயரை ஒதுக்கிக் கட்டினேன். பயந்து நின்ற சுடலைமுத்துவிடம் பெரியவர் வேட்டியைத் தொட்டுப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இன்னும் ஈரமா இருக்கு, உள்ள போடுங்க மாப்ள. ஆவணிக்கு நாள் பாக்கச் சொல்லுதேன்."

இஞ்சினைச் சந்தேகித்தேன், சுவிட்சைச் சந்தேகித்தேன், போதாதென்று என்னையும் சந்தேகித்தேன். வேட்டியைச் சந்தேகிக்க மட்டும் எந்தப் பட்டறையிலும் சொல்லித்தரவில்லை.