கதவு மட்டும் இருந்த வீடு

கெசியா பிரூயிட் தன் தம்பியின் முதுகில் வாத்துக் கொழுப்பைச் சூடு பறக்கத் தேய்த்துக்கொண்டிருந்தாள். மாவு பிசைகிற கை, அழுத்தம் குறையாத கை. லெமுவேல் மேசைமேல் கவிழ்ந்து முனகினான்.

"மூச்ச நல்லா இழு."

"இழுத்துட்டேங்க்கா."

"இழுக்கறவனால பேச முடியாது. பேசறேன்னா இழுக்கலன்னு அர்த்தம்."

"நெஞ்சுல என்னமோ கட்டிக்கிட்டு நிக்குது. இந்தப் பனிய நான் தாண்ட மாட்டேன்."

"போன பனிக்கும் இதத்தான் சொன்ன. சட்டையப் போடு. இனிமே உன் எல்லைக்குள்ள போய் இருமு."

உன் எல்லை என்று அவள் சொன்னதில் விளையாட்டு இல்லை. நெப்ராஸ்காவில் லூப் ஆற்றுக்கு வடக்கே அவர்கள் கட்டியிருந்த அந்த மண்கட்டி வீட்டின் தரையில், நட்டநடுவே, ஒரு பலகை பதித்திருந்தது. பலகைக்கு மேற்கே லெமுவேலின் காணி. கிழக்கே கெசியாவின் காணி. ஐந்து வருஷம் தன் நிலத்தில் குடியிருந்து உழுது பயிர் வைத்தால் நிலம் சொந்தம் என்பது அரசாங்கத்தின் பேச்சு. அவரவர் நிலத்தில் அவரவர் படுத்தெழ வேண்டும். இரண்டு பேருக்கு இரண்டு வீடு கட்ட முதுகு வேண்டுமே! அதனால் அந்தப் பக்கத்தில் பலரும் செய்கிறபடி எல்லைக்கோட்டின் மேலேயே ஒரே வீடாகக் கட்டி, ஆளுக்கொரு பாதியில் கட்டில் போட்டுக்கொண்டார்கள். இரும்பு அடுப்பு மேற்கே நின்றது, மேசை கிழக்கே. சண்டை வந்தால் லெமுவேலுக்கு மேசை கிடையாது, கெசியாவுக்குச் சூடு கிடையாது. அதனால் எந்தச் சண்டையும் சாப்பாட்டு நேரத்தைத் தாண்டியதில்லை.

கெசியா நிலம் கேட்டு வந்ததற்குக் காரணம் விவசாயத்தின் மேல் ஆசை இல்லை. ஒஹையோவில் பிறந்த நாளிலிருந்து யாராவது அவளைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள். முதலில் வாதத்தில் விழுந்த அப்பா. பிறகு மாமியார், நான்கு வருஷமாகச் சாகப் போகிறேன் என்று சொல்லிவிட்டுச் சொன்னபடி ஒருநாளும் செய்யாதவள். உள்நாட்டு யுத்தம் வந்தபோது பட்டாளத்து ஆஸ்பத்திரியில் தாதியாக நின்றாள். அங்கே ஒரு கூடம் முழுக்கக் கூப்பிட்டார்கள். புருஷன் எபன் அத்தனை குண்டுகளுக்கும் தப்பி, கீறல் இல்லாமல் வீடு வந்து, அடுத்த வசந்தத்தில் சொந்தக் கோவேறு கழுதையிடம் உதை வாங்கிச் செத்தான். அவனும் கடைசி வாரம் பூராவும் கூப்பிட்டுக்கொண்டுதான் இருந்தான். மகள் துருசில்லா அயோவாவில் கட்டிக்கொடுத்த இடத்தில் வருஷம் தவறாமல் பிள்ளை பெற்றாள். "பின்னறையை உனக்காகத்தாம்மா வெச்சிருக்கோம்" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லியனுப்புவாள். அந்தப் பின்னறையில் தொட்டில்களும் இருக்கும் என்பது கெசியாவுக்குத் தெரியாதா?

விதவைக்கும் அரசாங்கம் காணி கொடுக்கிறது என்று கேள்விப்பட்ட அன்றே அவள் மூட்டை கட்டிவிட்டாள். படுத்தால் யாரும் எழுப்ப உரிமை இல்லாத ஓர் இடம் பூமியில் வேண்டும். அவ்வளவுதான். தம்பி கூட வந்தது, அவள் கேட்டு வந்ததல்ல.

லெமுவேல் போன வசந்தத்திலேயே தன் காணிக்குச் சாட்சி சொல்லிப் பட்டா வாங்கிவிட்டான். கெசியாவின் முறை மறுநாள் காலை. பக்கத்து நகரத்தில் அதிகாரி முன்னால் வேதப்புத்தகத்தின் மேல் கை வைத்து, என் நிலத்தில் ஐந்து வருஷம் குடியிருந்தேன் என்று சொல்ல வேண்டும். சாட்சி, வடக்கே குடியிருக்கும் நில்ஸ் ஆரன்சனும் அவர் மச்சானும். மச்சான், ஆரன்சன் சொல்வதற்கெல்லாம் தலையாட்டுகிற மனுஷன்.

அந்த ஆரன்சன்தான் அப்போது வாசலில் வந்து நின்றார். சுவீடன்காரர். ஒவ்வொரு வார்த்தையாகக் கிணற்றிலிருந்து இறைப்பவர். கையில் ஒரு கட்டை வைத்திருந்தார். அடிப்பக்கம் கரியாக இருந்தது.

"கெசியாம்மா. வடக்கால. காட்டுத்தீ வந்தா பரவாம இருக்கப் புல்லக் கொளுத்தினேன். கொளுத்தினதும் மண்மேடு தெரிஞ்சுது. நாலு பக்கமும் குழி. நடுவுல அரசாங்க அளவுக்காரங்க அடிச்ச முளை. அதோட துண்டு இது."

"சந்தோஷம். அதுக்கு என்ன?"

ஆரன்சன் தொப்பியைக் கழற்றினார். சாவுச் செய்தி சொல்கிறவர் மாதிரி நின்றார்.

"அது உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல இருக்கற எல்லை. இந்த வீட்டுல இல்ல. கெழக்கால. ஒரு கூப்பிடு தூரம்."

கெசியா கையிலிருந்த கொழுப்பைத் துணியில் துடைத்தாள். விரல் விரலாகத் துடைத்தாள். பிறகு தம்பியைப் பார்த்தாள்.

"லெமுவேல். நிலத்த அளந்தது நீ."

"சக்கரத்துல துணி கட்டித்தான அளந்தேன்! எல்லாரும் அப்படித்தான் அளக்கறாங்க!"

வண்டிச் சக்கரத்தில் ஒரு சிவப்புத் துணியைக் கட்டி, மாட்டை ஓட்டிக்கொண்டே துணி எத்தனை முறை மேலே வருகிறது என்று எண்ணுவார்கள். சக்கரத்தின் சுற்றளவு தெரிந்தால் தூரம் தெரிந்துவிடும். லெமுவேல் புறப்படுவதற்கு முன் பின்சக்கரத்தைச் சுற்றி நூல் பிடித்து, சரியாகக் கணக்குப் போட்டு, எத்தனை சுற்று என்று மனப்பாடமும் செய்துகொண்டான்.

"எண்ணிக்கைய விட்டுட்டியா?"

"ஒண்ணுகூட விடல. சத்தம் போட்டு எண்ணினேன். நீதான் வாய மூடுன்னு சொன்ன."

"துணி அவுந்து போச்சா?"

"இறுக்கிக் கட்டினேன்க்கா. மாட்டுக்குப் பக்கத்துல நடக்கறப்பவே கண்ணுல படட்டும்னு முன்சக்..." லெமுவேல் நிறுத்தினான். அவன் முகம் மெல்ல மாறியது. "...முன்சக்கரத்துல."

வெளியே நின்ற வண்டியை மூவரும் பார்த்தார்கள். எல்லா வண்டியையும்போல அதற்கும் முன்சக்கரம் சின்னது. பின்சக்கரம் பெரியது.

"அப்ப," என்றாள் கெசியா, "அஞ்சு வருஷமா உன் வீட்டுல உன் நிலத்துலதான் படுத்துக் கெடந்திருக்கேன். நான் போட்ட சோளத்துல பாதி உன்னோடது. அந்தப் பலகைக்கு அந்தப் பக்கம் துப்பாதேன்னு நான் உன்ன அடிச்சேனே, அப்பவும் நீ உன் நிலத்துலதான் துப்பியிருக்க."

"அதத்தான் நான் அப்பவே..."

"வாய மூடு."

வீடு தன் நிலத்தில் இல்லையென்றால் குடியிருப்பும் இல்லை. குடியிருப்பு இல்லையென்றால் காணி அரசாங்கத்துக்குத் திரும்பும். நாளை மறுநாள் வேறு எவனாவது எழுதி வாங்கிக்கொள்வான். அவளுக்கு மிச்சம் அயோவாவின் பின்னறை.

லெமுவேலுக்கு உடனே யோசனை வந்தது. அவனுக்கு யோசனைகளுக்குப் பஞ்சமே கிடையாது. "முளை உன் கையிலதான் இருக்கு ஆரன்சன். இங்கயே நட்டுடு. முடிஞ்சுது."

"அது திருட்டு."

"சரி, நடவேணாம். சும்மா இரு. நாளைக்கு அவங்க கேக்கறப்போ, இந்தம்மா தன் நெலத்துல குடியிருந்தாங்கன்னு ஒரு வார்த்த சொல்லு. என்னைய அதிகாரின்னு நெனச்சுக்கோ. சாட்சிக்காரரே! கெசியா பிரூயிட் தன் காணியில் குடியிருந்தாரா?"

ஆரன்சன் நிமிர்ந்து நின்றார். வாயைத் திறந்தார். கழுத்திலிருந்து சிவப்பு ஏறத் தொடங்கியது. கன்னத்தைத் தாண்டி, காது இரண்டும் பழுத்த மிளகாயாயின.

"குடி... குடியிருந்தாங்க. பக்கத்துல."

"பக்கத்துலன்னு சொல்லாதய்யா!"

"இன்னொரு தடவ கேளு."

"குடியிருந்தாரா?"

"ஆ..." என்றவர் தொப்பிக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டார்.

"விடு," என்றாள் கெசியா. "அவர் காது ஒமாஹாவரைக்கும் தெரியும். ஆரன்சன், சட்டத்துல வீட்டுக்கு என்ன வேணும்னு சொல்லியிருக்கு?"

"கதவு. ஜன்னல். குடியிருக்கணும்."

"சுவர்?"

ஆரன்சன் யோசித்தார். "சுவர் வேணும்னு தனியா சொன்னதா ஞாபகம் இல்ல. இருக்கும்னு நெனச்சிருப்பாங்க."

கெசியா சுத்தியலை எடுத்தாள். மண்கட்டி வீட்டை எந்தக் கொம்பனாலும் நகர்த்த முடியாது. ஆனால் அதில் கதவும் ஜன்னலும் மரம். இரண்டும் அவள் வெண்ணெய் விற்று வாங்கியவை. முதலில் கதவு நிலையோடு வந்தது. பிறகு ஜன்னல். சுவரில் ஆள் நுழைகிற ஓட்டை ஒன்றும், கோழி நுழைகிற ஓட்டை ஒன்றும் தெரிந்தன.

"அக்கா, எனக்குக் குளிரும்!"

"ஓட்டையில கோணி கட்டிக்கோ."

"நெஞ்சுல கட்டிக்கிட்டு..."

"அதையும் சேத்துக் கட்டிக்கோ. கட்டிலோட அந்த முனையப் பிடி."

அடுப்பில்தான் தகராறு. லெமுவேல் அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றான். "இது என் பக்கத்துல இருக்கு!"

"இப்ப எல்லாமே உன் பக்கந்தான்டா! கரி மண்டின அந்தப் புகைக்குழாய் நான் வாங்கினது. வழி விடு." அடுப்பு இரண்டு ஆள் பாரம், ஆரன்சனோ தூரத்து மேகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். கெசியா புகைக்குழாயை மட்டும் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டாள்.

பொழுது சாய்வதற்குள் எரிந்த மேட்டுக்குக் கிழக்கே, அவள் காணியின் முதல் நாலடியில், ஒரு கதவு முட்டுக்கொடுத்து நின்றது. அதற்கு எதிரே இரண்டு கழிகளுக்கு நடுவே ஜன்னல். மூலையில் குழாய். நடுவில் கட்டில், அதன்மேல் வண்டியின் கித்தான். மற்றபடி நெப்ராஸ்கா முழுக்கத் திறந்து கிடந்தது. ஆரன்சன் சுற்றி வந்து பார்த்தார். போகும்போது கதவைத் திறந்து, அதன் வழியே வெளியேறி, மறக்காமல் சாத்திவிட்டுப் போனார்.

இருட்டியதும் மழை வந்தது. கெசியா காலை மடக்கிக்கொண்டு, கித்தானை முகம்வரை இழுத்துவிட்டுத் தூங்கினாள். யாரும் கூப்பிடவில்லை. கூப்பிட்டிருந்தாலும் காற்றுச் சத்தத்தில் கேட்டிருக்காது.

காலையில் யாரோ கதவைத் தட்டினார்கள்.

"யாரு?"

"நாந்தான்."

"சுத்தி வாயேன்டா, சுவரா இருக்கு?"

"கதவு இருக்கறப்போ சுத்தி எப்படிக்கா வர்றது?"

திறந்தாள். லெமுவேல் தலை முதல் கால் வரை கரியாக நின்றான். கண் மட்டும் வெள்ளை. குழாய் இல்லாத அடுப்பைக் குளிருக்குப் பயந்து மூட்டியிருக்கிறான். இருமினான். நிஜமாகவே இருமினான்.

"இது நல்ல இருமல்," என்றாள் கெசியா. "நேத்தையது பொய். வண்டியக் கட்டு."

நகரத்தில் அதிகாரி இளவயசுக்காரர், மை படிந்த விரல்கள். நனைந்த தொப்பியோடு ஒரு கிழவியும், கரி பூசிய ஒருவனும், தொப்பியைப் பிசையும் ஒரு சுவீடன்காரரும், தலையாட்டும் மச்சானும் வரிசையாக நின்றதைப் பார்த்ததும் பேனாவை மைக்கூட்டில் விட்டுவிட்டார்.

"உங்க காணியில வீடு இருக்காம்மா?"

"இருக்கு."

"என்ன மாதிரி வீடு?"

"கதவு, ஜன்னல், கட்டில், புகைக்குழாய்."

"சுவர்?"

"திரும்பிப் போனதும்."

பிறகு அவள் ஒன்றும் மறைக்காமல் சொன்னாள். முளை கிடைத்ததை, வீடு தம்பியின் நிலத்தில் இருந்ததை, நேற்று மாலைதான் தெரிந்ததை. தெரிந்த அன்றே குடிபெயர்ந்ததை. அதிகாரியின் முகம் இறுகியது. "இப்படிச் சொல்றவங்க நெறைய பேர் வர்றாங்கம்மா. எல்லை தெரியாமப் போச்சுன்னு. எப்படித் தெரியாமப் போச்சு?"

கெசியா தம்பியை முன்னால் தள்ளினாள். "சொல்லு."

லெமுவேல் தரையைப் பார்த்தான். "பின்சக்கரத்த அளந்து கணக்குப் போட்டேன். துணிய முன்சக்கரத்துல கட்டிட்டேன்."

அதிகாரி நாற்காலியைப் பின்னால் தள்ளினார். எழுந்து உள்ளறைக்குப் போய் ஒரு குமாஸ்தாவைக் கூட்டிவந்தார். "இவர்கிட்ட இன்னொரு தடவ சொல்லுங்க." லெமுவேல் சொன்னான். குமாஸ்தா சுவரில் சாய்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டார். பக்கத்துக் கடை முதலாளியையும் கூப்பிட்டார்கள். மூன்றாவது முறையும் சொன்னான்.

"பொய் சொல்ல நெனக்கற எவனும் இப்படி ஒரு பொய்யத் தேர்ந்தெடுக்க மாட்டான்," என்றார் அதிகாரி கண்ணைத் துடைத்துக்கொண்டு. "நல்ல எண்ணத்தோடதான் தப்பு நடந்திருக்கு. சட்டம் அதத்தான் கேக்குது. சாட்சிக்காரரே, இந்தம்மா இப்ப எங்க குடியிருக்காங்க?"

"அவங்க காணியில," என்றார் ஆரன்சன். ஒரே மூச்சில். முகம் வெள்ளைக் காகிதமாக இருந்தது. மச்சான் தலையாட்டினார்.

"கையெழுத்துப் போடுங்கம்மா. பனிக்கு முன்னால சுவர எழுப்பிடுங்க."

போட்டாள். திரும்புகிற வழியில் லெமுவேல் இருமும்போதெல்லாம், நானில்லாமல் உனக்கு நிலமில்லை என்ற பெருமையும் அதில் கலந்திருந்தது. அவள் அவன் கழுத்தில் தன் கம்பளித் துண்டைச் சுற்றி முடிச்சுப் போட்டாள்; பேச்சு கொஞ்சம் அடங்கட்டும் என்று சற்று இறுக்கமாகவே.

மறுநாள் உச்சிப்பொழுதுக்கு முன் ஆரன்சனின் ஏர், புல்லை நீளநீளமாக உரித்துக்கொண்டு வந்தது. கெசியா மண்வெட்டியால் துண்டாக்கினாள். லெமுவேல் சுமந்தான். முட்டுக்கட்டைகளைத் தட்டிவிட்டுக் கதவைத் திருப்பி வைக்கச் சொன்னாள்.

"எதுக்குக்கா? இப்பத்தான் என் வீட்டப் பாத்த மாதிரி நல்லா இருக்கு."

"கெழக்கால பாக்கட்டும்."

"அப்புறம் ராத்திரியில உடம்புக்கு முடியலன்னா நான் எப்படிக் கூப்பிடறது?"

"காலையில வந்து தட்டு."

அவள் குனிந்து அடுத்த மண்கட்டியைப் புல் பக்கம் கீழாக வைத்து, காலால் மிதித்து இறுக்கினாள்.