தொண்டை கட்டிய பாட்டு டீச்சர்

1950களின் தொடக்கத்தில் வேலூரில் ஒரு கல்லூரி அலுவலகத்தில் நான் தட்டச்சு செய்துகொண்டிருந்தேன். சின்ன வயதில் பியானோ பழகியவள் என்பது அங்கே குரல் பயிற்சி தந்த ஆசிரியைக்கு எப்படியோ தெரிந்துவிட்டது. நேராக என் மேஜைக்கு வந்தார்.

"டைப் அடிக்கிற வெரலு சாயங்காலம் சும்மா இருக்கக் கூடாதும்மா. பாட்டு ரூமுக்கு வந்துடு."

போனேன். அவர் ஓய்வு பெறும்வரை போய்க்கொண்டே இருந்தேன்.

என்னைவிட மூத்தவர் என்பதால் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். ஆள் குள்ளம், குரல் பெரிசு. மாணவர்கள் ஒரு வரி பாடினால் அவர் மூன்று வரி பேசுவார். "வாயத் தொற! தரையில இன்னா தேடற? பாலாத்துல தண்ணி வர்ற மாதிரி எப்பவோ ஒரு தடவ மூச்சு எடுத்தா எப்பிடிப்பா?" நான் பியானோவுக்குப் பின்னால் தலையைக் குனிந்து சிரித்துக்கொள்வேன்.

சனிக்கிழமைகளில் ஆம்பூருக்கு பஸ் ஏறிவிடுவார். தோல் தொழிற்சாலை ஆட்கள் பாடிய தேவாலயக் குழுவுக்கும் அவர்தான் ஆசிரியை. ஒரு மார்கழியில் அங்கே நாள் முழுக்கக் கத்திவிட்டு, ஜன்னலோரக் குளிர் காற்றில் திரும்பி வந்தவருக்கு மறுநாள் குரலே இல்லை. வெறும் காற்றுதான் வந்தது. டாக்டர் பார்த்துவிட்டு, "ஒரு வாரத்துக்கு வாயே தொறக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டார். அந்த வாரக் கடைசியில்தான் கல்லூரி ஆண்டு விழா.

ஒத்திகைக்கு வந்த அக்கா கரும்பலகையில், "பாடுங்கள். நான் இருக்கிறேன்" என்று எழுதினார். வாணியம்பாடி தோல் வியாபாரி ஒருவரின் மகன் எங்கள் குழுவில் கீழ்க்குரல் பாடுபவர். அவர்தான் முதலில் வாய் திறந்தார்.

"மிஸ், நீங்க திட்டாம இருந்தா ரொம்ப பேஜாரா இருக்குது மிஸ்."

எல்லோரும் சிரித்தார்கள். அக்காவும் சத்தமில்லாமல் குலுங்கினார்.

பேச முடியாததால் அவர் காட்டத் தொடங்கினார். புருவத்தைத் தூக்கினால் சுருதி இறங்குகிறது என்று அர்த்தம். உள்ளங்கையை விரித்தால் மூச்சு. தரையைத் தேடிய கண்கள் எல்லாம் வேறு வழியில்லாமல் அவர் முகத்துக்கு வந்தன.

விழாவன்று இரண்டாவது பாட்டில் பெண்களின் மேல்குரல் சரியத் தொடங்கியது. அக்கா புருவத்தைத் தூக்கிக் கையை மெல்ல மேலே கொண்டுபோனார். அத்தனை பேரும் அந்தக் கையோடு ஏறினார்கள். அவ்வளவு அழகாக அவர்கள் அதுவரை பாடியதில்லை. கைதட்டல் ஓய வெகுநேரமாயிற்று.

குரல் திரும்பியதும் அக்கா என்னிடம் சொன்னார்: "இத்தன நாளா நான் பேசிப் பேசியே பசங்கள பாட வுடல போலக்குது."

அதற்குப் பிறகு வகுப்பில் பாதிப் பேச்சு குறைந்தது. மீதிப் பாதி எனக்கே போதும் போதுமென்றிருந்தது.

அவரிடம் படித்தவர்கள் ஆற்காடு, குடியாத்தம் என்று பள்ளிப் பள்ளியாகப் போய்ப் பாட்டு சொல்லித்தந்தார்கள். வாணியம்பாடிக்காரரும் அப்பாவின் தொழிலுக்குப் போகாமல் வாத்தியார் ஆனார். அக்கா ஓய்வு பெற்ற பிறகு, குடியாத்தத்தில் நடந்த பாட்டுப் போட்டிக்கு அவரை நடுவராக அழைத்தார்கள். நானும் கூடப் போனேன். ஒரு பள்ளியின் குழந்தைகள் மேடையேறி, தங்கள் ஆசிரியையின் புருவத்தையே பார்த்துப் பாடினார்கள். அந்த ஆசிரியையை எங்களுக்குத் தெரியாது. விசாரித்தால், வாணியம்பாடிக்காரரிடம் படித்தவளாம்.

"அக்கா, உங்க கொள்ளுப் பேரப்பசங்க!" என்றேன்.

அவர் கண் கலங்கிவிட்டது. மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, முதல் பரிசை வேறொரு பள்ளிக்குக் கொடுத்தார்.

"இன்னாக்கா இப்பிடி பண்ட்டீங்க?"

"கடைசி வரியில அவசரப்பட்டாங்களே, நீ கேக்கல?"

ஆனால் பஸ்ஸில் வேலூர் வரும்வரை அந்தக் குழந்தைகள் பாடியதைத்தான் முணுமுணுத்துக்கொண்டு வந்தார்.