தாய்மாமன் மடி

என் மகள் எங்கள் வீட்டுக்கு வந்தபோது அவளுக்கு ஐந்து வயது. கல்வராயன் மலையில், வெள்ளிமலையைத் தாண்டி ஏதோ ஒரு ஊரில் பிறந்தவள். பெற்றவர்கள் இரண்டு பேரையும் எச்ஐவி கொண்டுபோயிருந்தது. அவள் உடம்பிலும் அது இருந்தது. கள்ளக்குறிச்சி காப்பகத்துக்கு வந்த தம்பதிகள் எல்லாம் அவள் கன்னத்தைக் கிள்ளிவிட்டு, விஷயம் தெரிந்ததும் கொடுத்த டீயைக்கூடக் குடிக்காமல் எழுந்து போனார்களாம். நானும் என் வீட்டுக்காரரும் டீயைக் குடித்தோம். தியாகம் ஒன்றுமில்லை. எங்களுக்குப் பிள்ளையில்லை, அவள் என் முந்தானையைப் பிடித்தாள், விடவில்லை.

தவறாமல் மாத்திரை போட்டால் மற்றப் பிள்ளைகள் மாதிரியே வளர்வாள், தொட்டாலோ கூட உட்கார்ந்து சாப்பிட்டாலோ யாருக்கும் ஒட்டாது என்று டாக்டர் சொன்னார். அவளுக்குக் காப்பகத்தில் வேறொரு பாடமும் சொல்லியிருந்தார்கள். விழுந்து முட்டி சிராய்த்தால் அழமாட்டாள். பாவாடையால் அதைப் பொத்திக்கொண்டு தூரமாகப் போய் நிற்பாள்.

எங்கள் பக்கம் தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் பிள்ளைக்குக் காது குத்துவார்கள். மாமன் மடியில் உட்கார்ந்துவிட்டால் அவள் எங்கள் குடும்பத்துப் பிள்ளை. அதற்கப்புறம் எவளும் என்னிடம் 'எங்கிருந்து கொண்டாந்த' என்று கேட்க முடியாது. கோர்ட்டு உத்தரவு பீரோவில் இருந்தது. எனக்கு அந்த மடிதான் வேண்டியிருந்தது.

எனக்கு இருப்பது ஒரே தம்பி, திருக்கோவிலூரில். இடஒதுக்கீட்டுப் போராட்டம் சூடாக இருந்த சமயம் அது. ஊர் ஊராக ஆள் திரட்டி, ஆபீஸ் வாசல்களில் 'நம்ம புள்ளைங்க படிக்கணும், நம்ம புள்ளைங்களுக்கு வேலை வேணும்' என்று தொண்டை கிழியக் கத்திவிட்டு எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வருவான். அந்த 'நம்ம'வில் என் மகள் உண்டாடா என்று கேட்க நாக்கு துடிக்கும். குழம்பை ஊற்றிவிட்டு நகர்ந்துவிடுவேன்.

ரத்தம் வரக்கூடிய காரியம். அவனிடம் மறைக்க எனக்கு மனசு வரவில்லை. ஒருநாள் சோறு போட்டுக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். காது குத்தும் பத்தருக்கும் சொல்லியாயிற்று, புது ஊசி, கையுறை எல்லாம் உண்டு, உனக்கு ஒன்றும் ஆகாது என்றேன்.

அவன் கை தட்டிலேயே நின்றது. "இன்னாக்கா சொல்ற? எனக்கும் ரெண்டு புள்ளைங்க இருக்குதுங்க."

"இருக்கட்டும். அதுங்களுக்கு இன்னா வந்துடப் போவுது? மாமன்னு நீ ஒருத்தன்தான்டா. வேற எந்த வூட்டுல போய்க் கேப்பேன்?"

"வர்றேன்க்கா. வராம பூடுவேனா?" என்றான். பாதிச் சோற்றிலேயே கை கழுவினான்.

ரிஷிவந்தியத்துக்குப் பக்கத்தில் எங்கள் குலதெய்வம் கோயில். சொன்னபடி வந்தான். மேளம், மாலை, பட்டுப்பாவாடை, தங்கக் கம்மல் என்று ஒரு குறை சொல்ல முடியாத சீர். எனக்குப் பெருமையில் கால் தரையில் பாவவில்லை. வேப்பமரத்தடியில் பாயில் சம்மணம் போட்டு உட்கார்ந்தவன், பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் சீட்டை எடுத்து உதறி மடிமேல் விரித்துக்கொண்டான்.

"வேட்டி புதுசு. கறையாயிடும்" என்றான். கஞ்சன் என்று சொந்தக்காரர்கள் சிரித்தார்கள். நானும் அவர்களோடு சேர்ந்து சிரித்து வைத்தேன். வேறு என்ன செய்ய?

பிள்ளை அதன்மேல் ஏறி உட்கார்ந்தாள். குத்தும்போது பிள்ளையின் தலை அசையாமல் மாமன் பிடித்துக்கொள்ள வேண்டும். அவன் இரண்டு கையையும் பின்னால் பாயில் ஊன்றிக்கொண்டான்.

"தலையப் புடிங்க" என்றார் பத்தர்.

"நீங்க குத்துங்க."

பத்தர் குத்தினார். பிடிக்க ஆளில்லாத தலை வெடுக்கென்று திரும்பியது. காது லேசாகக் கிழிந்து ரத்தம் கழுத்தில் இறங்கியது. அவன் ஐயோ என்று அலறித் துள்ளி எழுந்தான். பிள்ளை மண்ணில் போய் விழுந்தாள்.

அப்போதும் அவள் அழவில்லை. ஒரு கையால் காதைப் பொத்திக்கொண்டு எழுந்து, பின்பக்கமாகவே நடந்து எல்லோரையும் விட்டுத் தள்ளி நின்றாள்.

"மாமா, உங்க மேல படல. நான் புடிச்சிக்கினேன்" என்றாள்.

மேளம் நின்றது. அதற்கப்புறம் யாருக்கும் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை. பெண்கள் தங்கள் பிள்ளைகளை இழுத்து மடியோடு அணைத்துக்கொண்டார்கள். பந்தியில் போட்ட இலைகள் போட்டபடியே கிடந்தன. வீட்டுக்காரர் போகிறவர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டுப் பார்த்தார். என் தம்பி கையில் கிரீஸ் பட்டவன் மாதிரி குழாயடியில் கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தான். அவனை அடிக்க வேண்டும் போலிருந்தது எனக்கு.

இன்னொரு காது பாக்கியிருந்தது. பத்தர் போகாமல் நின்றார். அந்த மனுஷனுக்குப் புண்ணியமாகப் போகட்டும். பாயில் நான் உட்கார்ந்தேன். அம்மா மடியில் குத்துவது முறையில்லை என்று எடுத்துச் சொல்லக்கூட அங்கே ஆளில்லை. பிளாஸ்டிக் சீட்டைத் தூக்கி எறிந்துவிட்டு அவளை மடியில் வைத்து, தலையை நெஞ்சோடு அழுத்திப் பிடித்தேன்.

ஊசி வருவதற்கு முன்னாலேயே அவள் தன் உள்ளங்கையைக் குழித்து அந்தக் காதுக்கடியில் ஏந்தினாள்.

"அம்மா புடிச்சிக்கினு இருக்கேன்ல, கையை எடுடி" என்றேன்.

அவள் எடுக்கவில்லை.